பல் வலிக்கு ஒன்றரை நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாண்மை இயக்குநர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, புதன்கிழமைதோறும் நம் வாய்களைப் பார்த்துக்கொள்ளும் பல் மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் மனைவியான அக்கா அவர்களே, அவருடைய மகளே, மாப்பிள்ளையே, காலை ஷிப்டை முடித்துவிட்டுச் சாப்பிடாமல்கூட வந்திருக்கும் தோழர்களே, இந்த நேரத்தில் இரண்டாம் மாடியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இங்கே வர முடியாத பதினெட்டுப் பேரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். புகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கையும் குறைவு. செத்தவர்கள் எல்லோரும் இரங்கல் கூட்டத்தில் உத்தமர்களாகிவிடுகிறார்கள். நாம் யாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமோ அவருக்கும் அது பிடிக்காது. "உசிரோட இருந்தப்ப ஒரு டீ வாங்கிக் குடுக்கல, இப்ப மைக்கு வாடகைக்கு எடுத்திருக்காங்க" என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே நான் புகழப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லப்போகிறேன். அதில் என் தவறுகள் இரண்டும் இருக்கின்றன. அவற்றையும் சொல்லப்போகிறேன்.

நமது மின்விநியோக நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் விடுப்பு எழுத்தராக இருந்தவர், பதவியால் முதுநிலை எழுத்தர், நம் அனைவருக்கும் 'டாக்டர்', பன்னிரண்டு நாள்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பி ஒரு கால் ஷூவை மாட்டிய நிலையில், வீட்டு நாற்காலியிலேயே காலமானார். இதயம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

ஏன் அவருக்கு டாக்டர் என்று பெயர்? உங்களுக்குத் தெரியும். மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதைச் சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இயக்குநர் அவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும். விளக்கம் கேட்பதானால் கடைசியில் என்னிடம் மட்டும் கேட்க வேண்டும்.

நான் இந்த நிறுவனத்துக்குப் பணியாளர் நல அலுவலராக வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புள்ளியியலில் பட்டம் வாங்கியவள். யார் என்ன சொன்னாலும் எண்ணைக் காட்டு என்று கேட்கிற வளர்ப்பு. வந்த முதல் மாதமே விடுப்புப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். எண்ண எண்ண எனக்குத் தலை சுற்றியது. நம் புகார்ப் பிரிவில் அறுபத்து நான்கு பேர். நிறுவனத்தின் மற்ற பிரிவுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பல் வலி விடுப்பு அரை நாள்கூட வரவில்லை. இங்கே ஆறு நாள். ஜூனில் பல் வலி. டிசம்பரில் பல் வலி. பெருமழை அடித்து ஊர் முழுக்க மின்சாரம் போன வாரத்துக்கு அடுத்த வாரம் பார்த்தால், பிரிவில் பாதிப் பேருக்குப் பல் வலி.

அதிலும் ஒரு பக்கத்தை என்னால் மறக்கவே முடியாது. வயது வித்தியாசம் இல்லாமல் நாம் எல்லோரும் 'நான்காம் மேசை அக்கா' என்று கூப்பிடுகிறோமே, அவருடைய பக்கம் அது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரின் மேசைக்குப் போனேன். நுழைவாசல் பக்கத்தில், தண்ணீர் கேனுக்கும் கையெழுத்துப் பதிவேட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மேசைக்கு.

"சார், இந்த அம்மாவுக்கு ஆறு வருஷத்துல நாற்பத்தொரு பல் பிடுங்கியிருக்கீங்க."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நாற்பத்தொண்ணா? நாற்பதுன்னுல்ல நெனச்சேன்."

"மனுஷங்களுக்கு முப்பத்திரண்டு பல்தான் சார்."

"அது வேலைக்குச் சேர்றப்ப இருக்கற கணக்கு மேடம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பொய் எழுதுகிறார் என்பது மட்டும் புரிந்தது. அவருக்கே நாற்பத்தைந்து வயதில் ஈறு நோய் வந்து, மேலும் கீழும் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் பல் செட் கட்டியிருந்தார்கள். பிரிவு முழுவதற்கும் பல் வலி எழுதிக் கொடுத்த மனிதரின் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் பல் வலி? ஏன் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை? விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வயிற்றுக்கும் வேண்டும். கண்ணுக்கும் வேண்டும். பதினேழாம் விதி மட்டும் இப்படிச் சொல்கிறது: பல் வலிக்கு ஒன்றரை நாள், சான்றிதழ் தேவையில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவருக்கு அன்றைக்குப் பல் வலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் ஆராய்ச்சி முடிவு. அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதற்குள் அறுபத்து நான்கு பேரைக் குடிவைத்திருந்தார் அவர்.

அந்த அறுபத்து நான்கு பேர் என்ன வேலை செய்கிறார்கள்? மின்சாரம் போனால் மக்கள் யாரைத் திட்டுவது? மின்கம்பத்தைத் திட்ட முடியாது. இயக்குநர் அவர்களின் எண் யாரிடமும் இல்லை. ஆகவே நம்மைத் திட்டுகிறார்கள். ஓர் அழைப்புக்கு நான்கு நிமிடம். சுவரில் இருக்கும் பலகையில் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை சிவப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஆள் எதிர்த்து ஒரு சொல் சொல்லக் கூடாது. "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஒரு நாளைக்குத் தொண்ணூறு முறை வருந்த வேண்டும். ஒருநாள் நான்காம் மேசைக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவரின் அம்மா வீட்டில் மூச்சுக் கருவியில் இருந்தார். மின்சாரம் போய் இருபது நிமிடம். அவர் திட்டவில்லை. "என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா பழுது வண்டியை அனுப்பச் சொன்னார். மருத்துவமனை வண்டியின் எண்ணைக் கொடுத்தார். நான்கு நிமிடம் ஆனது. இணைப்பு தானாகத் துண்டானது. அடுத்த அழைப்பு வந்தது. அதில் பேசியவருக்குத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்க முடியவில்லை என்று கோபம்.

முதல் அழைப்புக்காரரின் அம்மா என்ன ஆனார்? அக்காவுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. நமக்கு முடிவு தெரிவதே இல்லை, அதுதான் இந்த வேலை.

அன்றைக்கு அக்கா மூன்று புகார்களுக்கு ஒரே இணைப்பு எண்ணைப் பதிந்திருக்கிறார். மேற்பார்வையாளர் தவறுகளை எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர் வேறொன்றைக் கவனித்தார். ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றும்போது கொக்கியில் மாட்டுகிறாரா, மேசையில் போடுகிறாரா என்று பார்ப்பார். தண்ணீர் பிடிக்க வருகிறவர் டம்ளர் நிரம்பியும் குழாயை மூடாமல் நிற்கிறாரா என்று பார்ப்பார். அப்படி ஒருவர் வந்து நின்றால் தலையைத் தூக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்தப் பல்லு?"

இங்கே இருக்கும் உங்களுக்கெல்லாம் அந்தக் கேள்வி தெரியும். பதிலும் தெரியும். மேல் வரிசை என்றால் வீட்டில் தொல்லை. கீழ் வரிசை என்றால் அழைப்பில் யாரோ. கடைவாய் என்றால் மேலதிகாரி. அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று அவர் துருவமாட்டார். கீழ் வரிசைக்கு அரை நாள், கடைவாய்க்கு ஒரு நாள், மேல் வரிசைக்கு ஒன்றரை. அவரே படிவத்தை நிரப்பிவிடுவார். நாம் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

என் வேலையில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. முப்பத்தெட்டுக் கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. நானே அதை உங்களிடம் கொடுத்தேன். 'கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை நம்பிக்கை இழந்தீர்கள்?' எல்லோரும் 'ஒருமுறையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தீர்கள். முப்பத்தெட்டுக் கேள்விக்கு வராத உண்மை ஒரே கேள்விக்கு எப்படி வந்தது? என் படிவம் மேலே போகும் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய கேள்வி எங்கேயும் போகாது.

இப்போது என் முதல் தவறு. அந்த மாதமே நான் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன். 'புகார்ப் பிரிவில் பல் வலி விடுப்பு வழக்கத்துக்கு மாறாக மிக அதிகம். காரணத்தை ஆராய வேண்டும்.' யாரையும் காட்டிக் கொடுக்க நான் எழுதவில்லை. எண் உறுத்தியது, எழுதினேன். மேலிடம் என்ன செய்தது? பாவம், அப்படியே நம்பிவிட்டது. இரண்டாம் மாடிச் சரக்கறையைக் காலி செய்து, ஒரு பல் மருத்துவ நாற்காலியை வாங்கிப் போட்டு, புதன்கிழமைதோறும் ஒரு மருத்துவரை வரவழைத்துவிட்டது. இனிமேல் பல் வலி விடுப்புக்கு அவருடைய சான்றிதழ் கட்டாயம் என்றும் சுற்றறிக்கை வந்தது.

பிரிவில் இழவு விழுந்தது போல இருந்தது அன்று. ஒருவர் வீட்டில் நல்ல பல்லைக் கயிறு கட்டி ஆட்டிப் பார்த்ததாகக் கேள்வி. டாக்டர் மட்டும் என்னிடம் வந்து, கோபமே இல்லாமல் சொன்னார். "மேடம், உங்க ஒரு அறிக்கையில ஆபீசுக்கே பல் முளைச்சிடுச்சு."

அடுத்த மூன்று மாதத்தில் பதினொரு பேர் வேலையை விட்டார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டில் விட்டவர்கள் ஒன்பது பேர். இதையும் நானே எண்ணினேன்.

மருத்துவர் அவர்கள் மேடையில் இருக்கிறார். முதல் மாதம் அறுபது வாய்களைப் பார்த்துவிட்டு அவர் டாக்டரின் மேசைக்கு வந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இவங்க யாருக்கும் சொத்தையே இல்லையே. என் கிளினிக்குல இவ்வளவு நல்ல பல்லை நான் பார்த்ததே இல்ல."

"சந்தோஷம்" என்றார் டாக்டர்.

"ஆனா ஒண்ணு. எல்லாருக்கும் பல்லு தேஞ்சிருக்கு. தட்டையா, உளி வெச்சுச் செதுக்கின மாதிரி. இவங்க என்ன, நாள் முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டா வேலை பார்க்கறாங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து மருத்துவர் அவர்கள் தேய்மானம் என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார். அது பொய்யில்லை. ஒவ்வொருவரையும் அந்த நாற்காலியில் சாய்த்துக் கால் மணி நேரம் வாயைத் திறந்து வைக்கச் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி நான்காம் மேசை அக்கா என்னிடம் சொன்னது: "வாயைத் தொறந்து வெச்சுட்டா யாருக்கும் பதில் சொல்ல வேணாம் மேடம். அந்த நாற்காலியில நான் தூங்கிட்டேன்."

ஆறு மாதம் கழித்து, ஆள் பற்றாக்குறையைக் காட்டி இன்னோர் அறிக்கை எழுதிச் சான்றிதழ் விதியை நீக்க வைத்தேன். அதன் பிறகு புகார்ப் பிரிவில் எழுதப்பட்ட ஒவ்வொரு பல் வலிக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. தெரிந்தே போட்ட கையெழுத்து. இயக்குநர் அவர்களே, விளக்கம் கேட்பதானால் என்னிடம் கேளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

மேல், கீழ், கடைவாய் என்று மூன்று பதில் சொன்னேன். நான்காவது ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவில் முணுமுணுவென்று பாடுவதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். மனைவி, இரண்டு குழந்தைகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரத்தில் அவருடைய பாட்டு நின்றது. அவருடன் வேலை பார்த்த எங்களில் யாருக்குமே அது நின்றது தெரியவில்லை. வாசல் பக்கத்து மேசைக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் அவர் தண்ணீர் பிடிக்க வந்தபோது டாக்டர் கேட்டார்.

"எந்தப் பல்லு?"

"எல்லாப் பல்லும் சார்."

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பதிவேட்டை மூடினார். எழுந்தார். "வாய்யா, நடந்துக்கிட்டே பேசலாம்" என்று தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனார். மேற்பார்வையாளர் பின்னாலேயே வந்து, "விடுப்புப் பிரிவுல யார் இருக்கா?" என்று கத்தினார். "நாற்காலி இருக்கு சார்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார் டாக்டர். ஆறு பேருந்து நிறுத்தம் நடந்து அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பாட்டுக்காரரின் அண்ணன் வந்து சேரும்வரை டாக்டர் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. என்ன பேசினீர்கள் என்று பின்னால் கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்ல மேடம். பக்கத்துலயே இருந்தேன். எல்லாப் பல்லும்னு ஒருத்தன் சொன்னா தனியா விடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். பாட்டுக்காரர் இன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் மறுபடி பாடிக்கொண்டிருந்தார். சுமாராகத்தான் பாடுகிறார். நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள். இதெல்லாம் எங்கே போனது? நாம் ஒரு சொல்லில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோமே, அந்தச் சுமை எங்கே போய்ச் சேர்ந்தது? நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. நீங்களும் நினைத்திருக்கமாட்டீர்கள். துக்கம் விசாரிக்கப் போனபோது டாக்டர் வீட்டு அக்கா சொன்னார்.

"வீட்டுக்கு வந்தா ஷூவைக் கழட்டாம அரை மணி நேரம் உக்காந்திருப்பாரு. நான் பக்கத்துல போய், இன்னைக்கு யார் பல்லுங்கன்னு கேப்பேன். ஒண்ணுமில்லம்பாரு. அப்புறம் சோறு எறங்காது."

இப்போது என் இரண்டாவது தவறு.

உங்களுக்குத் தெரியும், வரும் முதல் தேதியிலிருந்து விடுப்பெல்லாம் கைபேசிச் செயலியில்தான். பதிவேடு இல்லை, படிவம் இல்லை. காரணங்களின் பட்டியலில் பல் வலியும் இருக்கிறது. ஆனால் சான்றிதழைப் படமெடுத்து ஏற்றினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வாசல் பக்கத்து மேசையை எடுத்துவிட்டு அங்கே கைரேகைக் கருவி வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் பழைய பதிவேடுகள் அத்தனையையும் கணினியில் ஏற்றும் வேலை டாக்டருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த உத்தரவிலும் என் கையெழுத்து இருக்கிறது. தட்டச்சு வேலைதானே என்று நினைத்தேன். நமக்கு அது வெறும் பட்டியல். அவருக்கு அப்படியா? ஒவ்வொரு தேதியிலும் யார் வந்து நின்றார்கள், எந்தப் பல் என்றார்கள், அன்றைக்கு முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டு வலியை வரிக்கு வரி இன்னொரு முறை படிக்க வைத்தேன் அவரை. இரண்டு மாதம்.

அவர் இறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை மதியம், என் அறைக்கு வந்தார். கதவருகே நின்றார். கையில் டம்ளர் இருந்தது. தண்ணீர் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"மேடம், எனக்குக் கொஞ்சம் பல் வலி" என்றார்.

நான் கணினியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். பல் செட் கட்டிய மனிதர் பல் வலி என்கிறார். வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். நானும் கிண்டலாகச் சொன்னேன். "உங்க பல்லைத்தான் கழட்டி டம்ளர்ல போட்டுடலாமே சார்."

அவர் சிரித்தார். "ஆமா மேடம். எனக்கு அந்த வசதி இருக்கு" என்றார். தண்ணீர் சிந்தாமல் பார்த்துக்கொண்டே நடந்து போனார்.

அவர் கேட்ட விடுப்பை நான் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல என் படிப்பு என்னை விடாது. ஒன்றரை நாளில் இதயம் சரியாகிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் வீட்டு அக்காவும் பெருந்தன்மையாக, "உங்களால ஒண்ணுமில்லம்மா" என்றுதான் சொன்னார். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. இருபத்திரண்டு ஆண்டுப் பதிவேடுகளை இந்த வாரம் நானே புரட்டினேன். அவருடைய பெயருக்கு நேரே ஒரு பல் வலிகூட இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கேட்டார். என்னிடம் கேட்டார். மேல், கீழ், கடைவாய் எல்லாம் தெரிந்த என்னிடம் கேட்டார். 'எந்தப் பல் சார்?' என்று மூன்று சொல் திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பெரியோர்களே, தோழர்களே, மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லிவிட்டு இறங்குவது மேடை மரபு. உறுதி சொல்வது சுலபம். ஆகவே நான் செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன்.

சங்கச் செயலாளர் அவர்கள் போன வாரம் என்னிடம், இனி மறைக்க வேண்டாம், செயலியில் 'மன அழுத்தம்' என்றே ஒரு காரணத்தைச் சேர்த்துவிடுவோம் என்றார். நல்ல எண்ணம். நான்காம் மேசை அக்காவிடம் கேட்டேன். "அப்படிப் பேர் வெச்சா யார் மேடம் லீவு போடுவா? நாளைக்குப் பதவி உயர்வுன்னு வர்றப்ப அதையே தூக்கிக் காட்டுவாங்க" என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரி. அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்கிற நாள் வரட்டும், அதற்காகச் சங்கம் பாடுபடட்டும். அதுவரை பதினேழாம் விதி இருந்தபடியே இருக்க வேண்டும். பல் வலிக்கு ஒன்றரை நாள், சான்றிதழ் தேவையில்லை. செயலியின் பட்டியலுக்கு ஒப்புதல் தர வேண்டியவள் நான். அதில் சான்றிதழ் கேட்பதை நீக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இயக்குநர் அவர்களிடம் இதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில்.

செயலி எதை வேண்டுமானாலும் பதியும். அதற்குக் கேட்கத் தெரியாது. எனவே அந்த மேசை அங்கேயே இருக்கும். கைரேகைக் கருவியை மாட்ட எதிர்ச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. நாளை காலையிலிருந்து என் நாற்காலி என் அறையில் இருக்காது. தண்ணீர் கேன் பக்கத்தில் இருக்கும். எனக்கு டாக்டரைப் போல் சிரிக்க வைக்கத் தெரியாது. உங்கள் ஹெட்செட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மேசையில் நானே பல ஆண்டு உட்காரப்போவதும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருவர் மாற வேண்டும். உட்கார்ந்திருப்பவரிடம் வாரம் ஒருமுறை வேறொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். இது டாக்டர் செய்யாத ஏற்பாடு. அவரிடம் நாம் செய்யத் தவறிய ஏற்பாடு.

கடைசியாகப் பழைய பதிவேட்டை மூடுவதற்கு முன் ஒரு வரி எழுதினேன். அந்த வியாழக்கிழமைத் தேதி. முதுநிலை எழுத்தர், விடுப்புப் பிரிவு. காரணம்: பல் வலி. ஒன்றரை நாள். அனுமதிக்கப்பட்டது. எப்படியும் அதற்குப் பயன் இல்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

என் தாளில் இருந்தது அவ்வளவுதான். தாளில் இல்லாத ஒன்று இருக்கிறது. இந்த அரங்குக்குள் நுழையும்போது வாசலில் நான்காம் மேசை அக்கா நின்றிருந்தார். நான் பேச்சு எழுதிய தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"எந்தப் பல்லு மேடம்?"

ஒன்பது ஆண்டில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் நடந்துகொண்டதில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எல்லாப் பல்லும்" என்றேன்.

"பேசிட்டு வாங்க. வாசல்லயே நிக்கறேன்" என்றார்.

அதோ, இன்னும் நிற்கிறார். நான் முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.